15 நிமிடக் கேள்வி

ஐஎஸ்ஓ 13849-1 தரநிலையின் 2015 பதிப்பை மறுபடி வாசித்தேன். மெஷினில் ஆளைக் காப்பாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி எவ்வளவு நம்பகமாக இருக்கணும் என்று ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து படிகளில் சொல்கிற ஆவணம். அதன் கணக்குப் பகுதி எனக்குப் பிடிக்கும். அதற்கு முன்னால் வரும் மூன்று கேள்விகள்தான் உறுத்துகின்றன.

காயம் ஆறுமா, ஆறாதா? ஆள் ஆபத்தான இடத்துக்கு அடிக்கடி போகிறாரா? போனால் தப்பிக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடை. விரல் போவதும் உயிர் போவதும் ஒரே பெட்டி. அதைக்கூட விட்டுவிடலாம், இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

சிப்ஸ் பாக்கெட் போடும் மெஷினை எடுத்துக்கொள்வோம். சூடான இரண்டு தாடைகள் ஃபிலிமை ஒட்ட, நடுவில் கத்தி வெட்டும். கை மாட்டினால் ஆறாத காயம். வேகத்தில் தப்பிக்கவும் முடியாது. மீதியிருப்பது, ஆபரேட்டர் எத்தனை தடவை கை விடுகிறார் என்பது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் என்றால் ‘அடிக்கடி’: படி ‘இ’. அதற்குள் இருந்து, மொத்த ஓட்ட நேரத்தில் 20-ல் ஒரு பங்கையும் தாண்டாவிட்டால் ‘டி’ போதும். ‘டி’ என்றால் ஆபத்தான பழுது 10 லட்சம் முதல் 1 கோடி மணிநேரத்துக்கு ஒன்று. ‘இ’ என்றால் 1 கோடி முதல் 10 கோடி. பத்து மடங்கு வித்தியாசம்!

ஆனால் ஃபிலிம் எத்தனை தடவை சிக்கும் என்பது டிசைனர் மேஜையில் தெரியாது. மட்டமான ரோல், சீல் ஆகும் இடத்தில் மசாலாத் தூள், மழுங்கிய கத்தி, எது வந்தாலும் எண்ணிக்கை ஏறும். இப்படி ஆடுகிற விடைமேல்தான், சானலுக்கு இத்தனை வருஷம் என்ற உச்சவரம்பு, 99 சதவீதக் கண்டறிதல் என்று அவ்வளவு கணக்கும் நிற்கிறது.

இன்னொன்று. அடிக்கடி சிக்கினால், கதவைத் திறந்து மூடி அலுத்த ஆபரேட்டர் உதிரி மேக்னட் ஒன்றை ஸ்விட்ச்சில் டேப் போட்டு ஒட்டிவிடுவார். ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளின் கூட்டமைப்பு 2006-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலோகத் தொழிலில் பாதுகாப்புச் சாதனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி ஏமாற்றப்பட்டவை. ஏமாற்றத் தூண்டும் காரணங்களை ஐஎஸ்ஓ 14119 தனியாகப் பேசுகிறது, சரி. ஆனால் படியை ‘இ’-க்கு ஏற்றுகிற அதே ‘அடிக்கடி’தான் டேப்பையும் கொண்டுவருகிறது என்பது இந்த மூன்று கேள்விப் படத்தில் எங்கேயும் தெரியாது.

‘அடிக்கடி’ என்று விடை வந்தால், விலை கூடின ரிலே தேடுவதற்கு முன்னால் ஃபிலிம் ஏன் சிக்குது என்று பார்க்கணும். அதற்கு ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் நின்று எண்ணணும். சிஸ்டெமா மென்பொருளில் அந்த விடைக்கு ஒரு கிளிக் போதும்.