முத்தும் சாளையும்

கதைக்கு விஷயம் எங்கே கிடைக்கிறது என்று நாவலாசிரியனைக் கேட்பது வாசகர்களின் உரிமை. கேட்கிறவருக்குப் பெரும்பாலும் பதிலும் முன்னாலேயே தெரிந்திருக்கும். எங்கேயாவது தூரமாகப் போக வேண்டும், எதையாவது அபூர்வமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்க்கிற பதில். எழுத ஆரம்பித்திருக்கும் இளைஞர் ஒருவர் தூத்துக்குடியில் ஒரு மாதம் போய்த் தங்கப் போவதாக என்னிடம் சொன்னார். எதற்கு என்றேன். முத்துக் குளிப்பவர்களை வைத்து ஒரு நாவல் எழுத என்றார். முத்துக் குளிப்பு அங்கே 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்படியானால் அங்கே என்னதான் சார் இருக்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு நாவலாகவே பதில் சொன்னவர்கள் மூன்று பேர் உண்டு. அவர்களிடம் வருவதற்கு முன்னால் முத்தைப் பற்றியே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சங்க காலத்திலிருந்து கொற்கை முத்தைப் பாடி வந்திருக்கிறோம். ஆனால் முத்துக் குளிப்பை நடுவில் வைத்து எழுதிய நல்ல தமிழ் நாவல் ஒன்றுகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. அதைப் பற்றி விவரமாக எழுதி வைத்தவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். 1890-இல் எட்கர் தர்ஸ்டன் எழுதினார். 1905-இல் ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம் இறங்குகிறவனையும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கூலி வாங்கும் கடல்கட்டியையும், கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றத்தையும் இப்படிப்பட்ட அறிக்கைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

நாவலாசிரியர்கள் ஏன் இதைத் தொடவில்லை? முத்துக் குளிப்பு அந்தக் கரையின் அன்றாடமாக இருந்ததே இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அது ஒரு திருவிழா. சிப்பி விளைந்திருக்கிறதா என்று அரசாங்கம் பார்த்துச் சொன்னால் கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையில் சில வாரங்கள் நடக்கும். சில சமயம் பத்து வருஷம், இருபது வருஷம் நடக்காமலே போகும். 1955-க்கும் 1961-க்கும் இடையில் நடந்தவைதான் கடைசி. திருவிழாவுக்கு வந்தவர்கள் கலைந்து போன பிறகு, குளித்தவனுக்கு மறுபடியும் சங்கு, மீன், தோணி, கடன். திருவிழாவை வைத்துக் கட்டுரை எழுதலாம். நாவலுக்கு மறுநாள் காலை வேண்டும்.

அந்த மறுநாள் காலை எப்படிப்பட்டது என்று தெரிய திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது கொஞ்ச நேரம் நின்றால் போதும். நான் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன். கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, மீன் வாங்க வந்தியளா, சும்மா பாக்க வந்தியளா?" என்றாள். பார்க்கத்தான் என்று சொன்னதும் அவளுக்கு என்னிடம் இருந்த சிரத்தை போய்விட்டது. வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான், விலையில் எட்டணா குறையுமா என்று அவள் முகத்தையும் பார்ப்பான். பார்க்க வந்தவன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எழுத வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்.

அங்கே என் காதில் விழுந்த ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். வலையில் விழுந்த மீனைப் பாடு என்கிறார்கள். "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று ஒருவர் கேட்க, "பாடு எங்க, பட்ட பாடுதான் மிச்சம்" என்று வல்லத்திலிருந்து இறங்கியவர் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது சிலேடை இல்லை. தினமும் சொல்கிற பேச்சு. உழைப்புக்கும் துன்பத்துக்கும் கிடைத்த மீனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஜனங்களிடம் விஷயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? எழுதத் தூண்டுவது என்று எதையோ பெரிதாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது. காதில் விழுந்ததா, இல்லையா என்பதுதான் பிரச்னை.

வண்ணநிலவனுக்குக் காதில் விழுந்திருக்கிறது. அவர் திருநெல்வேலிக்காரர், கடல் தொழில் அவருடையதல்ல. தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையை வைத்து அவர் எழுதிய 'கடல்புரத்தில்' 1977-இல் வந்த சின்ன நாவல். பெயரில் கடல் இருந்தாலும் உள்ளே வீடுதான் அதிகம். வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிடச் சொல்லும் மகன். விற்க மனசு வராத குரூஸ் மிக்கேல். குடியும் சண்டையும் பிரியமும் பிரித்துச் சொல்ல முடியாமல் கலந்து கிடக்கும் குடும்பம். சாமிதாஸை இழக்கிற பிலோமி அவனை வெறுப்பதே இல்லை. இதை வேறு யாராவது எழுதியிருந்தால் கண்ணீர்ப் படலமாக ஆக்கியிருப்பார்கள்.

வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் நடக்கும் மோதலும் நாவலில் வருகிறது. இயந்திரப் படகுகளால் தமிழ்நாட்டுக் கரையெங்கும் இந்தச் சண்டை நடந்து, அதற்கென்று கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1983-இல். ஆறு வருஷம் முன்னாலேயே வண்ணநிலவன் எழுதிவிட்டார் என்று அவரைத் தீர்க்கதரிசியாக்க நான் விரும்பவில்லை. அன்றைக்கு அந்த ஊர்த் திண்ணைகளில் பேச்சே அதுவாகத்தான் இருந்திருக்கும். பிரச்னையாக எடுத்து வைக்காமல் திண்ணைப் பேச்சாகவே அவர் விட்டதால்தான், சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் நாவல் பழசாகவில்லை.

ராஜம் கிருஷ்ணன் வேறு வழியில் வந்தவர். ஒரு தொழிலைப் பற்றி எழுதுவதென்றால் அங்கேயே போய், ஜனங்களோடு பழகி, கேட்டு எழுதுவது அவர் வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வந்த 'கரிப்பு மணிகள்' அப்படி எழுதியதுதான். உச்சி வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைப் பறிப்பதும், கரிப்பு நீரில் நின்று நின்று கால் புண்ணாகிப் போவதும், அளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கணக்கனாலும் கங்காணியாலும் வரும் ஆபத்தும் இந்த நாவல் இல்லாவிட்டால் நம்மில் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். நாம் தினம் சாப்பாட்டில் போட்டுக்கொள்வது அந்த உப்பைத்தான். ஆனால் பொன்னாச்சி பேச வேண்டிய சில இடங்களில் ஆசிரியை பேசிவிடுகிறார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியாயம் கேட்கும் ஆத்திரம் அவருக்கு. அந்த ஆத்திரத்தில் பாத்திரம் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. அளத்தின் வேலையை வர்ணிக்கும் பக்கங்களில் இந்தக் குறை இல்லை. வேலையைச் சரியாகச் சொன்னாலே நியாயம் தானாக வந்துவிடுகிறது.

மூன்றாமவர் ஜோ டி குருஸ். உவரியில் பிறந்தவர், கப்பல் போக்குவரத்துத் துறையில் வேலை. 2004-இல் வந்த 'ஆழி சூழ் உலகு' அவருடைய முதல் நாவல். புயலில் சிக்கிய மூன்று பேர் கடலில் மிதந்துகொண்டிருக்கிறார்கள். இடையிடையே ஆமந்துறை என்ற கிராமத்தின் ஐம்பது வருஷக் கதை வருகிறது. காற்றுக்கு அங்கே கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர் உண்டு. மீனுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. முதல் நூறு பக்கம் நமக்குத் திணறும். அகராதியைத் தேடாமல் மேலே படித்துக்கொண்டு போகும்படி வாசகர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். புது ஊருக்குக் குடிபோனால் பேச்சுப் புரியக் கொஞ்ச நாள் ஆகிற மாதிரிதான் இதுவும்.

அன்றாடத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றாடம் கண்ணில் படாது என்று ஒரு வாதம் உண்டு. மீனுக்குத் தண்ணீர் தெரியாது என்பார்கள். ஜோ டி குருஸ் விஷயத்தில் அது செல்லாது. கரையை விட்டுப் போய் வேறு வேலையில் இருந்துகொண்டு எழுதியவர் அவர். வீட்டில் யோசிக்காமல் பேசிய சொல்லுக்கு, பிரிந்திருக்கும்போதுதான் விலை தெரிகிறது போலிருக்கிறது.

2009-இல் வந்து 2013-ஆம் வருஷத்துக்கான சாகித்ய அகாடமி பரிசைப் பெற்ற 'கொற்கை' இன்னும் பெரியது. தூத்துக்குடிப் பரதவர்களின் பாய்மரத் தோணிகள், கொழும்பு வியாபாரம், துறைமுகம், குடும்பங்களின் ஏற்றமும் சரிவும் என்று ஏறக்குறைய நூறு வருஷத்தை அள்ளி வருகிறது. பரிசு பெற்றது அதுவானாலும் என் ஓட்டு 'ஆழி சூழ் உலகு'க்குத்தான். 'கொற்கை'யில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்குள் சரித்திரம் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனாலும் தோணியில் சரக்கு ஏற்றுகிற இடமோ, ஒரு தண்டல் காற்றைப் பார்க்கிற இடமோ வந்தால் பக்கம் உயிர் பெற்றுவிடுகிறது. வேலை செய்கிற கையைக் கண்டால் இவருடைய பேனாவுக்கே ஒரு தெம்பு.

இந்த மூன்று பேரையும் அந்த இளைஞருக்குச் சொன்னேன். படித்துப் பார்க்கிறேன் என்றார். முத்து நாவலை அவர் இன்னும் விட்டுவிடவில்லை என்று தெரிந்தது. எழுதட்டும். 1961-இல் கடைசியாகக் குளித்தவனும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாளைக் குழம்பு சாப்பிட்டவன்தான். அந்தக் குழம்பிலிருந்து ஆரம்பித்தால் இவருக்கும் நாவல் கிடைக்கலாம்.

எனக்கு வேண்டியது வேறு ஒன்று. ஏலத்தில் கூடையை எடுத்து, பஸ்ஸில் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பதைப் பொருட்படுத்தாமல் உள்ளூர்த் தெருக்களில் விற்றுவிட்டு, வட்டிக்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புகிறாளே, அவளே எழுதிய நாவல். அது இன்னும் என் கைக்கு வரவில்லை.