பல்கலைக் கழகமும் பக்கத்து ஊரும்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே தென்காசி செல்லும் சாலையில் சிறிது தூரம் சென்றால் அபிஷேகப்பட்டி என்னும் ஊர் வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் அங்கேதான் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தின் ஆளுகையில் இருந்த தென்கோடி மாவட்டங்களுக்கென்று 1990-ஆம் ஆண்டில் இது தனியே தொடங்கப்பட்டது. வாசகர்களாகிய உங்களில் சிலர் இதன் பட்டத்தைப் பெற்றிருக்கலாம். சிலர் இனிப் பெறலாம்.

ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் ஒரு பல்கலைக் கழகத்தையும் மதிப்பிட முடியுமா? முடியும். கட்டடங்களும் பட்டங்களின் எண்ணிக்கையும் நூலின் அட்டையையும் பக்கக் கணக்கையும் போன்றவை. உள்ளே என்ன சொல்லப்பட்டிருக்கிறது, யாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்பவையே முக்கியம். இந்த இரண்டு கேள்விகளோடு நம் ஊர்ப் பல்கலைக் கழகத்தைச் சற்று நோக்குவோம்.

பெயருக்கு உரியவர்

முதலில் பெயரைப் பார்ப்போம். பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். சில காலம் திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியரானார். 1891-இல் வெளியான அவருடைய 'மனோன்மணீயம்' நாடகத்தை எல்லோரும் அறிவர். பள்ளியில் நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுக்கப்பட்டதே.

ஆனால் அவர் நாடக ஆசிரியர் மட்டுமல்லர். கல்வெட்டுகளை ஆராய்ந்து திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி எழுதினார். 'நூற்றொகை விளக்கம்' என்னும் சிறு நூலில், அறிவுத் துறைகள் எத்தனை, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்பு கொண்டுள்ளன என்பதைத் தமிழிலேயே வகுத்துக் காட்டினார். 1897-இல் அவர் மறைந்தபோது வயது 42-தான். பல துறைகளைத் தேடிச் செல்வது, தேடியதைத் தமிழில் சொல்வது ஆகிய இரண்டும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. அவருடைய பெயரைத் தாங்கும் நிறுவனத்தை இந்த இரண்டு அளவுகோல்களாலும் அளப்பது நியாயம் அன்றோ?

முதல் அளவுகோல்

முதல் அளவுகோலில் பல்கலைக் கழகம் நன்றாகவே தேறுகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் முதலியவற்றோடு குற்றவியலுக்கும் இங்கே தனித் துறை உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. கடல் அறிவியல் மையம் குமரி மாவட்டத்தின் கடற்கரையில், இராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. காட்டை ஆராய்பவர்கள் காட்டருகிலும் கடலை ஆராய்பவர்கள் கடலருகிலும் இருக்க வேண்டும் என்று நினைத்த சிந்தனை பாராட்டத் தக்கது.

இரண்டாவது அளவுகோல்

சிக்கல் அடுத்ததில்தான் தொடங்குகிறது. இது ஒரு பல்கலைக் கழகத்தின் குறை மட்டுமன்று. நம் நாட்டின் பெரும்பாலான பல்கலைக் கழகங்களின் குறை.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். தாமிரபரணியின் நீரை ஆராய ஒரு மாணவர் வருகிறார். குறுக்குத்துறைப் படித்துறையில் புட்டிகளில் நீர் எடுக்கிறார். குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர், "எதுக்கு தம்பி தண்ணி எடுக்கிய?" என்று கேட்கிறார். "ஆராய்ச்சிக்குத் தாத்தா" என்று சொல்லிவிட்டு மாணவர் போகிறார். சில ஆண்டுகளில் ஆய்வேடு முடிகிறது. முனைவர் பட்டமும் கிடைக்கிறது. பெரியவருக்கு என்ன கிடைத்தது?

அந்த ஆய்வேட்டில் இருப்பது என்ன? நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். மீன்கள் இதைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. சாக்கடை கலந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்ஸிஜனைச் செலவழித்துவிடும். அவை எவ்வளவு கேட்கின்றன என்பதே 'உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை'. ஒரு லிட்டரில் கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், இந்தத் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருந்தால்தான் ஆற்றுநீர் குளிப்பதற்கு ஏற்றது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வகுத்துள்ளது. இதைச் சொல்ல எத்தனை வரிகள் ஆயின? ஒரு பத்திதான். அந்தப் பத்தியும், குறுக்குத்துறையில் அளந்த எண்ணும் படித்துறையில் ஒரு பலகையில் எழுதப்பட்டிருந்தால் பெரியவர் தாமே முடிவு செய்து கொள்வார். இந்த ஆற்றுப் படுகையின் உறைகிணறுகளிலிருந்து குடிநீர் பெறும் ஊர்கள் பல என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று என் வகுப்பிலேயே நடந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், "சார், எங்க ஊர் மணல்ல நடந்தா ஆபத்தா?" என்று கேட்டார். அங்குள்ள மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. தோரியத்தின் அணுக்கள் தாமாகவே சிதைந்து கதிர்வீச்சை வெளியிடுகின்றன. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சில பத்து பெக்கரல் அளவே தோரியம் இருக்கும். அந்தக் கரையில் சில இடங்களில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து மக்களின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் கவனித்தனர். கதிர்வீச்சு கூடுவதற்கேற்பப் புற்றுநோய் கூடுவதாகக் காணப்படவில்லை என்று 2009-இல் முடிவு வெளியாயிற்று. ஓர் ஆய்வோடு கேள்வி தீர்ந்துவிடாது; ஆயினும் இது அந்த மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆங்கில ஏடுகளில் இது இருந்தது. அவர் ஊரில் வதந்தி மட்டுமே இருந்தது. அறிவு போய்ச் சேராத இடத்தை அச்சம் நிரப்பிவிடுகிறது.

வேறு வழி உண்டா?

உண்டு. அதற்கு இதே மண்ணில் முன்மாதிரி இருக்கிறது. நாங்குநேரியில் 1917-இல் பிறந்த நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். இங்கே பல்கலைக் கழகமே இல்லாத காலத்தில் அவர் 'நெல்லை ஆய்வுக் குழு'வை அமைத்தார். 1969-இல் 'ஆராய்ச்சி' என்னும் இதழைத் தொடங்கினார். பாபநாச மலைப்பகுதியோடு தொடர்புடைய முத்துப்பட்டன் கதையை அவர் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக் கழகம் 1971-இல் அதை வெளியிட்டது. மக்கள் பாடியதை அறிஞர் தொகுத்தார். பல்கலைக் கழகம் அச்சிட்டு மக்கள் மொழியிலேயே திருப்பித் தந்தது. அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்று காட்ட 'தமிழில் முடியும்' என்னும் நூலைக் கொண்டு வந்தவரும் அவரே.

இன்றும் ஒரு நல்ல வழக்கம் இங்கே உண்டு. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள். எண்ணியவருக்கு முடிவும் தெரிகிறது; தம் குளத்தின் மீது அக்கறையும் பிறக்கிறது.

இரண்டு மறுப்புகள்

"உலக அறிவியல் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதை விலக்கும்படி நான் சொல்லவில்லை. கூடவே ஒன்று வேண்டும் என்கிறேன்.

"தமிழில் கலைச்சொல் போதாதே?" என்பது அடுத்த மறுப்பு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அன்று அவருக்கு முடிந்தது இன்று நமக்கு முடியாதா?

உண்மையான தடை வேறு. ஆங்கில ஏட்டில் எழுதும் கட்டுரைக்கு ஆசிரியரின் பதவி உயர்வில் மதிப்பெண் உண்டு. ஊர் மக்களுக்கு எழுதும் நான்கு பக்கங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். ஆகவே தனி மனிதர் எவரையும் குறை சொல்லமாட்டேன். விதியைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றம் மிகச் சிறியதே. 2009-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இணையச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அதோடு நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் கட்டாயமாக்கலாம். நீரோ மண்ணோ பாட்டோ எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த ஊராட்சிக்கும் பள்ளிக்கும் ஒரு படி அனுப்பலாம். ஆய்வாளர் ஒருமுறை நேரில் சென்று விளக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம்.

தாமிரபரணியில் அணைக்கட்டுகள் பல உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து வயலுக்குப் போகிறது. கால்வாய் இல்லாவிட்டால் அணைக்கட்டால் உழவருக்கு என்ன பயன்? நம் பல்கலைக் கழகங்களில் அணைக்கட்டு இருக்கிறது. கால்வாய்தான் வெட்ட வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! நாளை உங்கள் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க ஒருவர் புட்டியோடு வந்தால் அவருக்கு உதவுங்கள். அதோடு, "முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?" என்றும் கேளுங்கள். நாளை நீங்களே புட்டியோடு ஓர் ஊருக்குப் போனால், அந்தக் கேள்வி உங்களுக்கும் உரியது என்பதை மறவாதீர்கள்.