வீடு என்னும் இசை: அப்துல்லாஹ் இப்ராஹீமின் நாடுகடந்த வாழ்வு

நாடுகடந்து வாழ்ந்த கலைஞரை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றனர். பிரிவுத்துயரே கலைக்கு உரமாகின்றது என்பர் ஒருசாரார். மண்ணை நீங்கியவர் அம்மண்ணின் குரலாதல் இயலாது என்பர் மறுசாரார். தென்னாபிரிக்க ஜாஸ் இசைஞர் அப்துல்லாஹ் இப்ராஹீமின் வாழ்வை நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் முழுமையற்றவை என்பது புலனாகும்.

1934இல் கேப் ரவுண் நகரிற் பிறந்த இவர், தொடக்கத்தில் டொலர் பிராண்ட் என்ற பெயரால் அறியப்பட்டவர். தேவாலயப் பாடல்களும், நகர்ப்புற உழைக்கும் மக்களிடையே வளர்ந்த மராபி இசையும், அமெரிக்க ஜாஸும் அவரது பியானோ இசைக்கு ஊற்றுக்களாயின. 1959இல் ஹியூ மசகேலா, கிப்பி முகெற்சி முதலியோருடன் ‘ஜாஸ் எபிசில்ஸ்’ குழுவில் இணைந்தார். மறு ஆண்டு மார்ச் 21இல் ஷார்ப்வில்லிற் பொலிசார் சுட்டதில், உத்தியோகபூர்வக் கணக்கின்படி 69 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த அவசரகால ஒடுக்குமுறையில், கறுப்பரின் ஜாஸ் இசை வளர்வதற்கான களம் சுருங்கியது. 1962இல் இப்ராஹீம் ஐரோப்பா சென்றார். சூரிச் நகரில், பாடகி சதிமா பீ பெஞ்சமினின் முயற்சியால், டியூக் எலிங்டன் இவரது இசையைக் கேட்டார். 1963இல் பாரிஸில் ஒலிப்பதிவும், 1965இல் நியூயோர்க் வாழ்வும் வாய்த்தன.

உலகப் புகழ் நாடுகடந்த வாழ்வு தந்த பேறே, அதனை மறுத்தற்கில்லை. ஆயின் அவரது ஆக்கங்களுள் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றியது அந்நிய மண்ணிற் பிறந்ததன்று. ‘மனன்பேர்க்’ 1974இல், அவர் தாயகம் மீண்டிருந்த காலத்தில், கேப் ரவுணில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அந்நகரின் ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையருக்குரிய பகுதியெனப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட, ‘கலப்பினத்தவர்’ என அரசு வகைப்படுத்திய மக்கள் குடியேற்றப்பட்ட இடங்களுள் ஒன்றே மனன்பேர்க். நாட்டை விட்டு நீங்காமலே அவர்கள் வீடிழந்தவராயினர். கலைஞரின் இழப்பும் மக்களின் இழப்பும் இவ்விசையில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இதன் ஆற்றல் இச்சந்திப்பிலேயே தங்கியுள்ளது.

பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் இவ்விசை, சில சுரக்கூட்டுகளின் சுழற்சியிலேயே இயங்குகின்றது. இதனை எளிமையின் குறைபாடாகக் கொள்ளல் தவறாகும். திரும்பத் திரும்பத் தொடங்கிய இடத்திற்கே வந்துசேரும் அவ்வமைப்பு, இசைப் பயிற்சியற்றவரையும் தன்னுடன் அழைத்துச் செல்கின்றது. பசில் குட்சியாவின் சக்சபோன் புலம்பவில்லை. ஆடற்கிசைந்த நடையில் நிமிர்ந்து செல்கின்றது.

1976இல் சொவெற்றோ மாணவர் எழுச்சியின் பின் இப்ராஹீம் மீண்டும் நியூயோர்க் சென்றார். 1983இல் அங்குத் தாம் அமைத்த குழுவிற்கு, வீடு எனப் பொருள்படும் ‘எகாயா’ என்ற பெயரையே இட்டார். இக்கால ஆக்கங்களில் முதிர்ச்சியும் அமைதியும் மிகுதி. எனினும் 1985இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ‘வாட்டர் ஃபுரொம் அன் ஏன்சியன்ற் வெல்’ போன்றவற்றில், தாயகம் நினைவின் தூரத்திலிருந்து நோக்கப்படும் எழிற்காட்சியாகிவிடுகின்றது; ‘மனன்பேர்க்’கில் உள்ள தெருவின் உராய்வு அங்கில்லை. அதே ஆண்டுகளிற் கேப் ரவுணின் நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களில் குட்சியாவும் ரொபி ஜான்சனும் ‘மனன்பேர்க்’கை இசைத்துக்கொண்டிருந்தனர். ஆக்கியோன் கடல் கடந்திருக்க, ஆக்கம் மக்களிடையே வாழ்ந்தது.

1990இல் தாயகம் மீண்ட இப்ராஹீம், 1994இல் நெல்சன் மண்டேலாவின் பதவியேற்பு விழாவில் இசைத்தார். 1975இல் இலண்டனில் மறைந்த மொங்கெசி ஃபேசாவிற்கும், 1986இல் மேற்கு பேர்லினில் மறைந்த ஜொனி டியானிக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நாடுகடத்தல் கலையை வளர்க்கின்றது எனப் பொதுமை கூறுவோர் இவர்களையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். இப்ராஹீமின் இசையை உயர்த்தியது பிரிவு அன்று. பிரிவிற்கு முன்னும் பின்னும் அறுபடாதிருந்த மக்கள் தொடர்பே எனலாம்.