துவாக்குடி மீக்கணினியும் சேதுராப்பட்டி ஆய்வாளரும்

2022 மே 25 அன்று துவாக்குடியில் உள்ள திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்ற மீக்கணினி தொடங்கிவைக்கப்பட்டது. செலவு 19 கோடி ரூபாய். உச்சத் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். 2020 அக்டோபரில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கோடு ஒப்பந்தம் போட்டு, தேசிய மீக்கணினித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இதை நிறுவினார்கள். பாகங்களில் பெரும்பாலானவை நம் நாட்டில் தயாராகிப் பூட்டப்பட்டவை. மேலே ஓடும் மென்பொருள் அடுக்கும் சி-டாக் உருவாக்கியது. 1980களில் அமெரிக்கா நமக்கு கிரே மீக்கணினியைத் தர மறுத்ததும், அதன் பிறகு 1988இல் சி-டாக் பிறந்ததும், 1991இல் பரம் 8000 வந்ததும் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

அதே மாவட்டத்தில், மதுரை நெடுஞ்சாலையில் போனால் சேதுராப்பட்டி. ஸ்ரீரங்கம் வட்டத்து ஊர். இங்கே இரண்டு கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம், இன்னொன்று ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரி. இரண்டும் 2013இல் தொடங்கியவை. முதலாவது மத்திய அரசு, மாநில அரசு, தொழில் நிறுவனங்கள் ஆகிய மூவரும் 50:35:15 என்ற விகிதத்தில் பங்கு போட்டு நடத்தும் வகையைச் சேர்ந்தது. இந்த வகைக் கழகம் ஒவ்வொன்றுக்கும் மூலதனமாக 128 கோடி ரூபாய் வகுத்தார்கள். இரண்டாவது முழுக்க மாநில அரசின் கல்லூரி. துவாக்குடியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஊரைச் சுற்றி மூன்று விதமான பணப்பை. கணினி அமைப்புகள் துறையில் ஆராய்ச்சி நிதி எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது, வந்தபின் என்ன ஆகிறது என்று எடைபோட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கணினி அமைப்புகள் என்று நான் சொல்வது இயங்குதளம், கம்பைலர், செயலி வடிவமைப்பு, சேமிப்பகம், வலைப்பின்னல், தரவுத்தள எந்திரம் ஆகிய அடித்தளத் துறைகளை. வானிலை மாதிரியை ஓட்டுகிறவருக்குக் கணினி ஒரு கருவி. அமைப்பு ஆய்வாளருக்கு அந்தக் கணினியே ஆராயும் பொருள். அவர் இயங்குதளத்தின் கருவான கெர்னலை மாற்றுவார், நினைவகத்தைப் பங்கிடும் முறையைத் திருத்துவார், பத்தாயிரம் வரி நிரலை எழுதிவிட்டு அது ஏன் மூன்றாம் நாள் விழுகிறது என்று ஒரு மாதம் தேடுவார். கட்டி, ஓட்டி, உடைத்து, மறுபடி கட்டிப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் ஆராய்ச்சி. அதற்கு ஆட்கள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், உடைத்தாலும் யாரும் கோபப்படாத இயந்திரம் வேண்டும். இந்த மூன்றில் எதை நம் நிதிமுறை கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்பதே என் கேள்வி.

முறையின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திட்ட முன்மொழிவு எழுதி, துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டு, மூன்றாண்டுக்குப் பணம் தருவது நம் நாட்டில் வழக்கமான முறை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) இதை நடத்தியது, 2024 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஏற்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியர், துறைத் தலைவரின் தயவை எதிர்பார்க்காமல் தன் பெயரிலேயே பணம் கேட்க முடிகிறது. இது பெரிய விடுதலை. மேலும், சில பக்கங்களில் தன் கேள்வியைச் சுருக்கிச் சொல்லும் கட்டாயமே பலரின் சிந்தனையைத் தெளிவாக்குகிறது. தேசிய மீக்கணினித் திட்டம் 2015இல் 4,500 கோடி ரூபாயோடு தொடங்கி, 2025 மார்ச்சுக்குள் நாடெங்கும் 34 மீக்கணினிகளை நிறுவியிருக்கிறது. அது இல்லாவிட்டால் துவாக்குடியில் பாய்ம இயக்கத்தையோ மூலக்கூறுகளையோ ஆராயும் மாணவர் வெளிநாட்டுக் கூட்டாளியின் இயந்திரத்துக்குக் காத்திருந்திருப்பார்.

மின்னணுத் துறை அமைச்சகத்தின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தையும் நான் நன்மைக் கணக்கில்தான் வைப்பேன். சில்லு வடிவமைப்பு மென்பொருளின் உரிமக் கட்டணம் ஒரு சாதாரணக் கல்லூரியால் தாங்கக்கூடியது இல்லை. பெங்களூரு சி-டாக்கில் உள்ள சிப்-இன் மையம் அதை வாங்கி வைத்து, சேர்ந்திருக்கும் கல்லூரிகளெல்லாம் தொலைவிலிருந்தே பயன்படுத்த வழிசெய்கிறது. 250 கோடி ரூபாய்க்குள், 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் இலக்கோடு வந்த திட்டம். ஒரே இடத்தில் வாங்கிப் பலருக்குத் திறந்துவிடும் இந்த அமைப்பு, கட்டுரையின் பிற்பகுதியில் நான் கேட்கப்போவதற்கு முன்மாதிரி.

இனிக் குறைகள். முதற்குறை, நம் நிதிமுறைக்கு இயந்திரம் வாங்கத் தெரிந்த அளவுக்கு ஆள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. திட்ட நிதி தலைப்பு தலைப்பாகப் பிரிந்து வரும்: உபகரணம், ஆள், நுகர்பொருள், பயணம், இதரச் செலவு. உபகரணத் தலைப்பில் வாங்கிய சர்வர் கண்ணுக்குத் தெரியும், இருப்புப் பதிவேட்டில் ஏறும், தணிக்கையாளரிடம் காட்டலாம். ஆள் தலைப்பில் வருவது பெரும்பாலும் ஓர் இளநிலை ஆய்வாளர் இடம். 2023இல் அந்த உதவித்தொகையை 31,000இலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள், வரவேற்கிறேன். ஆனால் கெர்னல் நிரல் எழுதத் தெரிந்த இளைஞரைப் பெங்களூரு நிறுவனங்கள் என்ன சம்பளத்துக்குத் தேடுகின்றன என்பது திருச்சிப் பெற்றோர் அனைவருக்கும் தெரியும். வந்து சேர்கிற மாணவர் முதலாண்டு பாடங்களைப் படிக்கிறார், இரண்டாமாண்டு பழைய நிரலைப் புரிந்துகொள்கிறார், மூன்றாமாண்டு ஏதாவது கட்டத் தொடங்கும்போது திட்டக் காலம் முடிகிறது. அதுவரை எழுதிய நிரலைப் பராமரிக்க ஒரு பொறியாளர் பணியிடத்துக்குப் பெரும்பாலான திட்டங்களில் இடமே இல்லை. அது ஒரு மடிக்கணினியில் உறங்கிப்போகிறது. அடுத்த மாணவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

மூன்றாண்டு போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியும் குழுவினரும் 'சக்தி' செயலி வேலையை 2014 வாக்கில் தொடங்கினார்கள். சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தில் உருவான சில்லு 2018இல் இயங்கியது. இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த 'ஐரிஸ்' சில்லு 2025இல் வந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சி. இதை மூன்று மூன்றாண்டாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் குழுவைக் கலைத்திருந்தால் சில்லு வந்திருக்காது. சக்தி சார்ந்திருக்கும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுப்பு 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. அதே பெர்க்லியில்தான் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையின் பணத்தில் மாணவர்களும் பொறியாளர்களுமாக யூனிக்ஸின் பிஎஸ்டி வடிவத்தை ஆண்டுக்கணக்கில் செதுக்கி, 1983இல் இணைய நெறிமுறைகளோடு வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் பணத்தின் அளவைவிட, ஒரே குழு ஒரே பொருளின்மேல் தங்கியிருந்த காலம்தான் பலன் தந்தது என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். துவாக்குடிக்குப் பக்கத்திலேயே பெல் தொழிற்சாலை இருக்கிறது. 1960களில் வந்த அந்தக் கொதிகலன் ஆலை, 1970களில் ஒரு வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையும் தன்னோடு வளர்த்துக்கொண்டது. கருவிகளோடு கைத்திறனும் பயிற்சியும் தரச்சோதனையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சுற்றிலும் திருவெறும்பூர் முழுக்க இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம். பொதுப்பணம் ஆளை உருவாக்கினால் ஒரு வட்டாரமே என்ன ஆகும் என்பதைத் திருச்சி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கணினியில் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது குறை நுட்பமானது, ஆனால் எனக்கு முக்கியமானது. மீக்கணினி வந்துவிட்டதால் அமைப்பு ஆராய்ச்சிக்கு வசதி வந்துவிட்டது என்று நிர்வாகிகள் எண்ணுவது இயல்பு. ஆனால் எந்த மீக்கணினியிலும் பயனர் தன் வேலையை வரிசையில் சமர்ப்பிப்பார். வேலை ஒதுக்கும் மென்பொருள் அவருக்குச் சில கணுக்களை, அதாவது மீக்கணினிக்குள் இருக்கும் தனிக் கணினிகளை, சில மணி நேரம் கொடுக்கும். முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெர்னலைத் தொட அனுமதி கிடையாது. கிடைக்கவும் கூடாது, ஏனென்றால் பக்கத்துக் கணுவில் இன்னொருவரின் முனைவர் பட்ட வேலை ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரிசை ஒதுக்கீட்டை எப்படித் திருத்தலாம், கணுக்களுக்கிடையே செய்தி போகும் வேகத்தை எப்படிக் கூட்டலாம், திரவக் குளிரூட்டலில் மின்சாரத்தை எப்படி மிச்சம்பிடிக்கலாம் என்பவையே அமைப்பு ஆய்வாளரின் கேள்விகள். 838 டெராஃப்ளாப்ஸ் பக்கத்தில் ஓடினாலும் அவருக்கு அது கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொருள். அமெரிக்காவில் இதற்கென்றே 2014இல் கிளவுட்லேப் என்ற வசதியைத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் தொடங்கினார்கள். அங்கே ஆய்வாளருக்கு வெற்று இயந்திரமே கையில் கிடைக்கும். இயங்குதளத்தை அழித்துத் தன்னுடையதை ஏற்றிக்கொள்ளலாம். நம்மிடம் 2024இல் அனுமதியான இந்தியா ஏஐ திட்டத்தின் 10,372 கோடியில் மிகப் பெரிய பங்கு கணிப்புத் திறனுக்கே போகிறது. அதில் ஒரு சிறு பங்கையாவது இப்படிப்பட்ட சோதனைக் களத்துக்கு ஒதுக்கியிருக்கலாம்.

மூன்றாவது, யாருக்குக் கிடைக்கிறது என்பது. பழைய வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும், 11 சதவீதம் மட்டும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போயிற்று என்று 2023இல் புதிய அறக்கட்டளைக்கான மசோதா வந்த நேரத்தில் அரசுத் தரப்பே சொன்னது. சேதுராப்பட்டிக் கல்லூரியில் ஓர் ஆசிரியர் வாரம் முழுக்க வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகளைத் தயாரித்து, மிச்ச நேரத்தில் முன்மொழிவு எழுத வேண்டும். மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, முன்பு என்ன திட்டம் செய்தீர்கள் என்பது. முன்பு பணம் கிடைத்தவருக்கே மறுபடி கிடைக்கும் இந்தச் சுழற்சியை உடைக்க, அறக்கட்டளையின் 'பேர்' (PAIR) திட்டம் பெரிய நிறுவனம் ஒன்றை மையமாகவும் வளரும் நிறுவனங்களைக் கிளைகளாகவும் இணைக்கப் பார்க்கிறது. நல்ல எண்ணம். ஆனால் அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தபோது, அதில் சுமார் 36,000 கோடி அரசல்லாத மூலங்களிலிருந்து வரும் என்று கணக்குப் போட்டார்கள். பணம் போடும் தனியார், பேர் பெற்ற வளாகத்தை விட்டுவிட்டு சேதுராப்பட்டியைத் தேடி வருவார் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது. அது ஆர்வத்தைத் தூண்டும், ஆய்வகத்தை நடத்தாது.

நடைமுறைச் சிக்கல்களில் சில அண்மையில் தீர்ந்திருக்கின்றன. ஆராய்ச்சி மானியத்துக்கே ஜிஎஸ்டி கேட்டு அறிவிப்பு அனுப்பிய விபரீதத்தை 2024 செப்டம்பரில் கவுன்சில் விலக்கு கொடுத்து நிறுத்தியது. அரசின் ஜெம் தளத்தில்தான் எல்லாம் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜூனில் தளர்த்தி, நிறுவனத் தலைவர்களே முடிவெடுக்க விட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வலைப்பின்னல் அட்டை இல்லாமல் சோதனையே நடக்காது என்கிற துறையில் இது சாதாரண நிம்மதி இல்லை. விதியை மாற்ற முடியும் என்பதற்கு இவை சாட்சி. அதனால்தான் மேலும் கேட்கத் துணிகிறேன்.

நான் கேட்பது பெரிய தொகையே இல்லை. கணினி அமைப்புத் திட்டங்களுக்குக் காலம் ஐந்தாண்டாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்காமல், நிரல் ஓடுகிறதா, வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கட்டும். ஒவ்வொரு திட்டத்திலும் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் ஒருவருக்குச் சந்தைக்கு ஒத்த சம்பளத்தில் இடம் இருக்கட்டும். அதற்காக உபகரணத் தலைப்பைக் குறைத்தாலும் நான் வருந்த மாட்டேன்.

இன்னொன்று திருச்சிக்கே உரியது. இப்படிப்பட்ட இயந்திரங்களின் ஆயுள் வழக்கமாக ஐந்து முதல் ஏழு ஆண்டு. பரம் பொருளுக்கு 2027இல் ஐந்து முடிகிறது. அதற்குப் பின் வரும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும்போது, பழைய கணுக்களைக் கழிவு ஏலத்துக்கு அனுப்பாமல் ஒரு பகுதியை வெற்று இயந்திரமாகச் சோதனைக் களமாக்க வேண்டும். துவாக்குடியிலேயே இருக்கட்டும், சிப்-இன் மையத்தைப் போலத் தொலைவிலிருந்து சேதுராப்பட்டி மாணவர்களும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தாரும் நகரக் கல்லூரிகளின் முதுகலை வகுப்புகளும் ஏறி, கெர்னலை மாற்றி, உடைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளட்டும். மின்கட்டணமும் இரண்டு பொறியாளர்களின் சம்பளமும் யார் கொடுப்பது என்பதுதான் இதில் தகராறு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் மாநில உயர்கல்வித் துறையும் பாதிப் பாதி ஏற்றால் தீரும். அந்தக் கடிதத்தை இப்போதே எழுதிவைக்கலாம், ஏனென்றால் கழிவுக் குழு கூடிவிட்டால் பிறகு எந்தக் கடிதமும் அதைத் தடுக்காது.