பிரேக் இல்லாத சைக்கிள்

திருவள்ளூர் மாவட்டத்துக்காரருக்குப் பனி பழக்கமில்லை, சைக்கிள் கைவந்த விஷயம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட அம்பத்தூர், சென்னை மாவட்டத்தோடு சேரும் வரை இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் விடும்போது கம்பெனி பஸ்களுக்கு நடுவே சைக்கிள்காரர்களை இன்னும் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து பனிமலைக்குச் சுற்றுலா போகிறவரிடம், “பனிச்சறுக்கு வராதா? ஸ்கை பைக்கில் ஏறுங்கள், சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும்” என்றால் நம்பத்தான் தோன்றும். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் அடிபடும்.

ஸ்கை பைக் என்பது சக்கரத்துக்குப் பதில் பலகை பூட்டிய சைக்கிள். பெடலும் இல்லை, செயினும் இல்லை. முன்பலகை ஹேண்டில்பாரோடு திரும்பும், பின்பலகை நேராகவே நிற்கும். பழைய வகையில் ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களிலும் குட்டையான பலகைகளைக் கட்டிக்கொள்கிறார். புதிய வகை ஒன்றில் சீட்டுக்கு வேலையில்லை. கால்வைக்கும் கட்டைகளில் நின்றபடியே இறங்க வேண்டும். இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் 1911இலேயே கிறிஸ்டியன் பூல்மன் என்ற தச்சர் மரத்தில் ‘வெலோகெமல்’ என்ற வண்டியைச் செய்தார். விளையாட்டுக்காகச் செய்த வண்டியல்ல அது, பனிக்காலத்தில் ஊருக்குள் போய்வருவதற்கானது.

இனி ஸ்கை பைக்கின் பலத்தைப் பார்ப்போம். பனிச்சறுக்குப் பலகையில் விறைப்பான பூட்ஸோடு கால் பூட்டப்பட்டிருக்கும். விழும்போது நீளப் பலகை ஒரு பக்கம் இழுக்க, உடல் மறுபக்கம் போகும். நடுவில் முறுக்கு வாங்குவது முழங்கால். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டில் பூட்டப்படுவதால், புதிதாகப் பழகுபவர் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது சகஜம். ஸ்கை பைக்கின் உட்காரும் வகையில் எடை சீட்டில் இறங்குகிறது. உடல் தாழ்ந்திருக்கிறது. வண்டியின் இரு பலகையும் பாதத்தின் இரு பலகையுமாக நான்கு இடங்களில் பனி தொடுகிறது. ஒரு கால் பலவீனமானவர், தொடையில் வலு குறைந்த முதியவர், மலைச்சரிவில் நிற்கவே பயப்படுபவர் என எல்லாரையும் இது ஏற்றிக்கொள்ளும். பிற கருவிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆட்களை இது உள்ளே விடுகிறது என்பதே இதன் பெரிய பெருமை.

சைக்கிள் தெரிந்தால் போதும் என்ற வாக்குதான் இடறுகிறது. நம் ஊரில் வேகம் கூடினால் விரல்கள் தாமாகவே பிரேக்கைத் தேடும். இங்கே ஹேண்டில்பாரில் விரலுக்கு எதுவும் சிக்காது. வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, பலகையின் விளிம்பால் பனியைக் கீறித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைக் கற்காமல் நேரே இறங்கினால் வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போகும். எவ்வளவு போகும் என்பதற்கு ஆஸ்திரியாவின் எரிக் பிரெண்டர் சாட்சி. 1964இலேயே இத்தகைய வண்டியில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டினார். இன்னொரு பழக்கமும் துரோகம் செய்யும். பயந்தால் காலை ஊன்றி நிறுத்துவது நம் இயல்பு. பலகை கட்டிய காலை அவசரத்தில் தப்பான கோணத்தில் ஊன்றினால், காப்பாற்ற வந்த முழங்காலே முறுக்கிக்கொள்ளும். விழும்போது ஒரு இரும்புச் சட்டமும் கூடவே உருளும், ஹேண்டில்பார் நெஞ்சில் இடிக்கும். சைக்கிள் தெரிந்தவருக்குத் தொடங்குவது சுலபம், நிறுத்துவதை அவரும் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சமதளம் வந்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நாற்காலி லிஃப்டில் வண்டியோடு ஏறுவது தனி வித்தை. சில பனித்தலங்கள் இதை அனுமதிப்பதில்லை, சில தனிப் பயிற்சி கேட்கின்றன. 1967இலிருந்து உலகப் போட்டி நடக்கும் இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை. இதைவிட இளைய ஸ்னோபோர்டோ 1998இல் நாகானோ ஒலிம்பிக்கிலேயே நுழைந்துவிட்டது.

‘எல்லாருக்குமானது’ என்ற பெயரிலும் எனக்கு ஒரு சந்தேகம். இது உடலின் தடையைக் குறைக்கிறது. விமானச் செலவு, குளிர் உடை, லிஃப்ட் கட்டணம் எதையும் குறைப்பதில்லை. ஷிஃப்ட் கூலிக்காரருக்கு முழங்காலுக்கு முன்னால் பர்ஸ்தான் வழிமறிக்கிறது. பணம் புரட்டி காஷ்மீரின் குல்மார்க் போய்ச் சேரும் நம்மவர் பெரும்பாலும் ஏறுவது மர ஸ்லெட்ஜில். உள்ளூர்க்காரர் ஒருவர் தோளில் கயிற்றைப் போட்டு மேட்டில் இழுக்க, நாம் மூட்டைபோல் உட்கார்ந்திருப்போம். அந்தக் கயிற்றில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்பதால் அதைப் பழிக்க மனம் வரவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஸ்லெட்ஜைத் தவிர வேறு வழி இல்லை என்று விடுவதும் சரியல்ல. தானே திருப்பி, தானே இறங்கும் சுகத்தை ஸ்கை பைக் தருகிறது. அதற்காகவே அதன் குறைகளோடும் அதை ஏற்கலாம் என்பது என் முடிவு.

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. முதியவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த வண்டியில் முறையான வகுப்பு நடத்த அதைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் எது? போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டு வலி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். நின்று ஓட்டும் வகையை விட்டு, உட்காரும் வகையையே கேட்டு வாங்குங்கள். வண்டியை நிறுத்தச் சொல்லித்தர ஆள் இல்லை, வாடகைக்கு மட்டும் தருவோம் என்றால், ஏறாமல் திரும்பிவிடுங்கள்.