முள் பேசும் பொய்

பழைய டர்போ கார்களின் டேஷ்போர்டில் பூஸ்ட் கேஜ் என்று ஒரு சின்ன டயல் இருக்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. என்ன அழுத்தம் என்று காட்டத்தான் இந்த முள். அளவு மீறினால் பிஸ்டன் காலி. எனவே இது அலங்காரச் சாமான் அல்ல. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1980-களின் ஸாப் 900 டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டயலில் எண்களே கிடையாது. வெறும் கலர் பட்டைகள். சிவப்புக்குப் போனால் காலை எடு, அவ்வளவுதான். பார்க்க எல்.கே.ஜி. புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால், டயலுக்குப் பின்னால் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் நேராக வந்து சேர்கிறது. உள்ளே இருக்கும் காற்றே வந்து முள்ளைத் தள்ளுகிறது. நடுவில் புரோக்கர் இல்லை.

1990-களின் மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 வேறு ரகம். இரண்டு டர்போ. டேஷ்போர்டு நடுவில் எண்கள் போட்ட ஜோரான டயல். பின்னால் குழாய் இல்லை. சரி, சென்சாராவது? அழுத்தத்தை அளக்க அதுவும் இல்லை! ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது, டர்போவுக்கு முன்னால் உள்ளே நுழையும் காற்றை அளந்து, 'இத்தனை இருக்கலாம்' என்று கணக்குப் போட்டு முள்ளை நகர்த்துகிறது. டர்போவைத் தாண்டி ஒரு குழாய் கழன்று காற்று வெளியே ஓடினாலும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. முள் பாட்டுக்கு ஏறும். கார் ஏறாது.

டர்போ இல்லாத மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் ஒரு படி மேலே. 1995-ல் அதன் ஆயில் பிரஷர் மீட்டரை வெறும் ஸ்விட்ச் ஆக்கிவிட்டார்கள். ஆயில் அழுத்தம் குறைந்தபட்சம் இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். டிரைவர் கவலைப்படக் கூடாதாம்.

ரப்பர் குழாய்தான் தேவலை என்று சொல்ல வரவில்லை. வயசானால் வெடிக்கும், காற்று கசிந்து எஞ்சின் திணறும். நிஜமான சென்சார் நல்ல மாற்றுதான். மூன்றே ஒயர்: ஐந்து வோல்ட், எர்த், சிக்னல். எர்த் ஒயர் துருப்பிடித்தால் அதுவும் தப்பாகச் சொல்லும். ஆனால் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம். அது கோளாறு, ஏமாற்று அல்ல. கம்பெனியே தீர்மானித்து டயலில் வைத்த பொய்யை எந்த மீட்டர் வைத்துப் பிடிப்பது?

பழைய டர்போ வாங்கும் உத்தேசம் இருந்தால், முள்ளைப் பார்த்து மயங்காதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி, எஞ்சினிலிருந்து ஒரு டீ போட்டு, சாதாரண மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு முள்ளும் ஒரே கதை சொன்னால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.