சில்லிசை: ஒரு திறனாய்வு நோக்கு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். மனிதனின் மிடற்றையும் கருவியெனவே எண்ணியது அவர்தம் நுண்ணறிவைக் காட்டும். இவ்வைந்தனுள் எதிலும் அடங்காத ஒரு கருவியைக் கொண்டு உலகின் பல நகரங்களில் இளைஞர்கள் இசை படைத்து வருகின்றனர். அது சிறுவர்கள் கையில் வைத்து விளையாடிய விளையாட்டுப் பொறி. அதனுள் பொதிந்திருக்கும் மின்னணுச் சில்லே ஒலியைப் பிறப்பிக்கிறது. சிப்டியூன் என்று பிறர் வழங்கும் இவ்விசையைச் சில்லிசை என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றேன்.

இதனை இசையென ஏற்பதா, விளையாட்டென ஒதுக்குவதா? ஏற்பதாயின் எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது ஒரு தமிழாசிரியனின் வேலையா எனச் சிலர் கேட்கக்கூடும். யாப்பு கற்பிப்பவனுக்கு இதில் வேலை உண்டு என்பதே என் கருத்து. மேலும், நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தை ஒட்டி வெளிவந்த அப்பொறியில் ஒருநாளும் விளையாடியவனல்லன். திறனாய்வுக்கு அது ஒரு வசதியே. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

நிண்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட கேம் பாய் என்னும் கையடக்கப் பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒலிப்பகுதிக்கு நான்கு குரல்கள் உண்டு. முதலிரண்டும் துடிப்பலைக் குரல்கள். மின்னழுத்தம் மேலே ஏறி நிற்கும், பின்பு கீழே விழுந்து நிற்கும், மீண்டும் ஏறும். இடையே சரிவென்பது கிடையாது. ஒரு சுழற்சியில் அது மேலே நிற்கும் நேரம் 12.5, 25, 50, 75 விழுக்காடு என நால்வகைப்படும். 50 விழுக்காட்டில் ஒலி மூங்கிலின் உட்குழிவிலிருந்து வருவது போல் உருண்டு ஒலிக்கும். 12.5 விழுக்காட்டிலோ, நாயனத்தின் சீவாளியை மட்டும் கழற்றி ஊதிப் பார்ப்பதுபோல் மெலிந்து, மூக்கொலி மிகுந்து கேட்கும். 25உம் 75உம் செவிக்கு வேறுபடுவதில்லை. ஆதலின் ஏட்டில் நான்கு வண்ணம் இருப்பினும் கேட்பவர்க்கு மூன்றே எஞ்சும்.

மூன்றாம் குரலின் அலைவடிவை இசையமைப்பவரே வரைந்துகொள்ளலாம். 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களுள் ஒன்று. பெரும்பாலும் கீழ்நிலைச் சுரங்களைத் தாங்கும் பணி இக்குரலுக்கே வாய்க்கும். நான்காவது குரல் சுரமற்ற இரைச்சல். அதனை நறுக்கி நறுக்கித்தான் தாளக்கருவியாக்கிக்கொள்ள வேண்டும். காதில் அணியும் ஒலிப்பான்கொண்டு கேட்டால் ஒவ்வொரு குரலையும் இடச்செவிக்கோ வலச்செவிக்கோ இரண்டுக்குமோ அனுப்பியிருப்பது புலப்படும். இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை. இவ்வளவே அக்கருவியின் செல்வம். இதற்கு முன்னரே, 1982இல் வந்த காமடோர் 64 கணினியில் பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் என்னும் சில்லு மூன்றே குரல் உடையது. அம்மூன்றைக் கொண்டு ராப் ஹப்பர்ட் 1985இல் ‘மான்டி ஆன் த ரன்’ என்னும் விளையாட்டுக்கு அமைத்த இசை ஐந்து நிமிடங்களுக்கு மேல் தளராமல் ஓடுகிறது.

விளையாட்டுப் பொறி எவ்வாறு இசைக்கருவியாயிற்று? ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்சோ 1998இல் நானோலூப் என்னும் நிரலைக் கேம் பாய்க்கென எழுதினார். அடுத்துச் சுவீடன் நாட்டு யோஹன் கோட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜே என்னும் நிரலைப் படைத்தார். சுரங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துப் பொறியை வாசிக்கச் செய்யும் சீக்குவென்சர் வகையைச் சேர்ந்தவை இவை. பின்னதில் ‘ஃபிரேஸ்’ எனப்படும் ஒரு தொடருக்கு 16 வரிகள். தொடர்கள் பல சேர்ந்து ஒரு சங்கிலி. சங்கிலிகள் நான்கு குரல்களுக்கும் நான்கு நிரல்களில் மேலிருந்து கீழாக அடுக்கப்படின் பாட்டு. அசை சீராகி, சீர் அடியாகி, அடி பாவாகும் முறையைக் கற்ற நம் மாணவர்க்கு இவ்வமைப்பு புதுமையாகத் தோன்றாது.

இவ்விசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே புகழுரையைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றனர். கட்டுப்பாடுதான் கலையைப் பிறப்பிக்கிறது என்பது அது. வெண்பாவைப் பற்றி நம் வகுப்பறைகளிலும் இவ்வாறே கூறி வருகிறோம். நான் இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. தளை தட்டாமல் எழுதப்பட்டு, ஒருமுறை படித்தவுடன் மறக்கப்பட்ட வெண்பாக்கள் எத்தனை ஆயிரம்! கட்டுப்பாடு கலையைப் பிறப்பிப்பது உண்மையாயின் அவையனைத்தும் கவிதையாகியிருக்க வேண்டும். நான்கு குரல் உடைய சில்லில் எழுதப்பட்டவற்றுள்ளும் பெரும்பாலானவை அத்தகையனவே.

கட்டுப்பாடு உண்மையில் செய்வது வேறொன்று. அது மறைவிடங்களைப் பறித்துவிடுகிறது. நாற்பது பேர் வாசிக்கும் இசைக்குழுவில் ஒருவர் சோம்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? நான்கு குரலில் ஒன்று சும்மா இருந்தால் காற்பங்கு இசை சும்மா இருக்கிறது. சீரை நிரப்புவதற்கென்று புகுத்திய வெற்றுச் சொல் உரைநடையில் ஒளிந்துகொள்ளும். வெண்பாவின் ஈற்றடியில் ஒளிய இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மேலைநாட்டு இசையில் மூன்று சுரங்களை ஒருசேர ஒலிப்பது அடிப்படையான வழக்கம். நான்கு குரலுள் மூன்றை அதற்கே கொடுத்துவிட்டால் பாட்டுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே சில்லிசையாளர் ஒரே குரலை அச்சுரங்கள் மூன்றின்மீதும் மிக விரைவாகச் சுழல விடுகின்றனர். மேற்சொன்ன நிரலில் இதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. சி என்னும் எழுத்துடன் 4, 7 என்னும் எண்களை இட்டால், எடுத்த சுரத்திலிருந்து நான்காம் அரைத்தொனியும் ஏழாம் அரைத்தொனியும் சுழற்சியில் சேரும். நம் வழக்கில் கூறின் சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம். 4க்கு மாற்றாக 3 இட்டால் சாதாரண காந்தாரம் வந்து பாட்டின் மெய்ப்பாடே மாறிவிடும். ஒலிப்பது ஒரு குரல். மூன்றாகக் கூட்டிக்கொள்வது கேட்பவரின் செவி. நீர்க்குமிழி வெடிப்பது போன்ற அந்தத் துடிப்பொலியே இன்று சில்லிசையின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

இது புதிய உத்தியன்று. தனி வயலினுக்கென பாக் எழுதிய இசையில் ஒரே கருவி மேலும் கீழும் தாவிப் பல குரலாகத் தோன்றுவதை இசை பயின்றோர் அறிவர். அதே பாக்கின் பிரெஞ்சு சூட் மூன்றாம் தொகுதியைச் சேர்ந்த மினுவெட் ஒன்றைக் கேம் பாயின் ‘டெட்ரிஸ்’ விளையாட்டில் ஹிரோகாசு தனாகா 1989இல் அமைத்தார். அது அச்சில்லில் இயல்பாகப் பொருந்துகிறது. ஒலியின் கனத்தால் வாழாமல் குரல்களின் நடையால் வாழும் இசை எந்தக் கருவிக்குப் பெயர்த்தாலும் பிழைத்துக்கொள்கிறது. இங்கே நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சில்லின் வண்ணத்தை நீக்கிவிட்டு, ஒரு புல்லாங்குழலும் ஒரு வீணையும் வாசித்தால் அப்பாட்டில் ஏதேனும் மிஞ்சுமா?

இவ்வளவுகோல் எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் உடனே கூறிவிட வேண்டும். அதே தனாகா 1986இல் ‘மெட்ராய்ட்’ என்னும் விளையாட்டுக்கு அமைத்த இசையைப் புல்லாங்குழலுக்கு மாற்றினால் அது செத்துப்போகும். அக்காலத்து விளையாட்டு இசை முழுவதும் முணுமுணுக்கத்தக்க மெட்டுகளை நாடிக்கொண்டிருந்தபோது, அவர் இசைக்கும் ஓசைக்கும் இடையிலிருந்த வரம்பைக் கலைக்க முற்பட்டார். குகைக்குள் சொட்டும் நீரா, எந்திரத்தின் முனகலா, பாட்டா எனப் பிரித்தறிய இயலாத ஒலிகளை நிறைத்தார். மனம் நிறைந்து பாடத்தக்க மெட்டை விளையாடுபவர் வென்று வெளியேறும் இடத்திற்கென்றே வைத்திருந்தார். எதைக் கொடுப்பது என்பதைப் போலவே எதைத் தராமல் வைத்திருப்பது என்பதையும் அறிந்த கலைஞர் அவர். சில்லிசை வரலாற்றில் இதனை மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன்.

இனி, குறைகளைக் காண்போம். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் இரண்டு இவ்விசைக்கு மிகப் பொருந்தும். ஒன்று கூறியது கூறல். எழுதிய தொடரைச் சங்கிலியில் எத்தனை முறை வேண்டுமாயினும் அழைக்கலாம். வேறு சுருதிக்கு உயர்த்தியும் அழைக்கலாம். கருவியே சோம்பலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பல்லவியும் திரும்பத் திரும்ப வருவதுதானே என்பர். வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சங்கதி கூடி வருகிறது. நல்ல சில்லிசையாளர் தொடரைப் படியெடுத்து, இரண்டு வரிகளையேனும் மாற்றி, ஒரு துடிப்பின் அகலத்தையேனும் திருத்தியே அடுத்த முறை அழைக்கிறார். மற்றொன்று சென்று தேய்ந்து இறுதல். விளையாட்டு இசை முடிவின்றிச் சுழல்வதற்கென எழுதப்பட்டது. விளையாட்டைப் பிரிந்து தனிப்பாட்டாக வந்தபின் அதற்கு ஒரு முடிவு வேண்டும். முடிக்கத் தெரியாமல் ஒலியளவை மெல்லக் குறைத்துக் கைகழுவிய பாட்டுகள் பல.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒலியைக் கேட்டவுடன் இளமைக்கால விளையாட்டு நினைவுக்கு வருகிறது, கண் பனிக்கிறது, பாட்டு நன்று என்று முடிவு கட்டப்படுகிறது. நினைவின் இனிமையைப் பாட்டின் இனிமையாகக் கணக்கெழுதிவிடுகின்றனர். அப்பொறியோடு எவ்வித உறவும் இல்லாத என்னைப் போன்றவர்க்கு இவ்விரண்டும் கலவாமல் கேட்க முடிகிறது. முன்னர்க் குறித்த வசதி இதுவே. இக்குறையைச் சில்லிசை அன்பர்களிடம் மட்டும் காண்பது நடுவுநிலை ஆகாது. ரப்பர்த் தோட்டத்து லயத்தையும் பால்வாளியையும் அதிகாலைப் பிரட்டையும் காட்டிவிட்டாலே அச்சிறுகதை நன்று எனத் தலையசைக்கும் வழக்கம் நம்மிடையிலும் உண்டு. தோட்டத்தைக் காணாத தலைமுறை அக்கதையைப் படிக்கும்போது என்ன கிடைக்கிறது என்று நாம் அரிதாகவே கேட்கிறோம்.

நினைவைச் சாராது நிற்கும் சில்லிசைக்குச் சான்றாக, வட அயர்லாந்தைச் சேர்ந்த சிப்செல் என்னும் இசைக்கலைஞர் 2012இல் ‘சூப்பர் ஹெக்சகன்’ விளையாட்டுக்குத் தந்த இசையைக் கூறுவேன். ‘கர்ட்டசி’, ‘ஓட்டிஸ்’, ‘ஃபோக்கஸ்’ என மூன்று பாட்டுகள். பழைய விளையாட்டு எதனையும் அவை நினைவூட்ட முயல்வதில்லை. விளையாடுபவர் சில நொடிகளிலேயே தோற்கும் அந்த விளையாட்டின் பதற்றத்தை, விரைந்தோடும் தாளமே தாங்கிச் செல்கிறது. நியூயார்க்கின் அனமனகுச்சி குழுவினர் சில்லின் ஒலியோடு கிட்டாரையும் முரசையும் சேர்த்து வாசிக்கின்றனர். தூய்மை கெட்டது என்போர் உளர். சேர்த்ததை மறைக்காமல் சேர்த்திருப்பதால் அதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2015ஆம் ஆண்டு முதல் சுவீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் பாக்கெட் ஆப்பரேட்டர் என்னும் சிறு சிந்தசைசர்களை விற்று வருகிறது. உறையின்றி மின்சுற்றுப் பலகையே வெளித்தெரியும் அக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு சிறு மின்கலங்களால் இயங்கும். வரிசையமைக்க 16 பொத்தான்கள் கொண்டது. அவற்றுள் 2016இல் வந்த ‘ஆர்கேட்’ பழைய விளையாட்டு ஒலிகளைத் தருவது. 1989இல் நான்கு குரல் என்பது விதி. இன்று அது விருப்பம். எல்லாக் குரலும் கைக்கெட்டும் காலத்தில் நான்கே போதுமென்பவர், புதுக்கவிதை தழைத்த பின்னும் வெண்பா எழுத அமர்பவரைப் போன்றவர். வேண்டிப் பூண்ட விதியைப் பாதியில் தளர்த்திக்கொள்ளும் உரிமை அவருக்கில்லை. சில்லின் ஒலியைப் பாவனை செய்து, குரல்களை மட்டும் பத்து, இருபது என ஏற்றிக்கொண்டு அதனையும் சில்லிசை எனக் கூறுவோரை நான் இக்கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் மாணவர்களுள் சுரமும் தாளமும் பயின்றவர்க்கு இத்துறையில் உழப்படாத நிலம் நிறைய உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், நின்ற சுரத்தை அசைக்கவும் அந்நிரலில் கட்டளைகள் உள்ளன. ஆயினும் நான் கேட்டவற்றுள் அவை ஓர் அணிகலனாக மட்டுமே வருகின்றன. கமகத்தை உயிராகக் கொண்டு எழுதப்பட்ட பாட்டு ஒன்றும் என் செவிக்கு இதுவரை எட்டவில்லை. தாளத்திலும் அவ்வாறே. 16 வரிகள் ஆதி தாளத்துக்கு இயல்பாகப் பொருந்துவதால் எவரும் அதனை மீறுவது அரிது. தொடரை இடையிலேயே முடித்து அடுத்ததற்குத் தாவச் செய்யும் கட்டளை ஒன்று உண்டு. 14 வரிகள் முடிந்தவுடன் அதனை இட்டால் மிசிர சாப்பு அமைந்துவிடும். நான்கு குரலிலும் இட வேண்டும். ஒன்றில் விட்டுவிட்டால் அக்குரல் மட்டும் சுற்றுக்குச் சுற்று விலகி நடக்கத் தொடங்கும். அவ்விலகலை வேண்டுமென்றே செய்து பார்ப்பதும் ஒரு நல்ல பயிற்சிதான்.